பாறை மாதிரித் தரவை ஆய்வுத் தரவுத்தளத்தில் ஏற்றுவது எப்படி: களக் குறிப்பேட்டிலிருந்து டிஓஐ வரை

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் வாரத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குத் தரவுத்தளத்தின் நினைவே வருகிறது. ஆசிரியர் குழு தரவுக்கு டிஓஐ (இணையத்தில் அதை நிரந்தரமாகச் சுட்டும் அடையாள எண்) கேட்கும், கைவசம் ஒரு எக்செல் கோப்பு இருக்கும், அதை அப்படியே எங்காவது ஏற்றிவிட்டு இணைப்பைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவசரத்தில் ஏற்றிய கோப்புகள் பொதுத் தரவுத்தளங்களில் ஏற்கெனவே நிறையக் கிடக்கின்றன. இறக்கிப் பார்த்தால் எண்கள் இருக்கும். ஆனால் பாறையை எங்கே எடுத்தார்கள், இரும்பை எந்த வடிவத்தில் கணக்கிட்டார்கள், பிழைவரம்பு ஒரு சிக்மாவா (ஒரு திட்டவிலக்கமா) இரண்டு சிக்மாவா என்று எதுவும் இருக்காது. மொட்டைக் கடிதம் போலத்தான் அது, உள்ளே இருப்பது உண்மையாகவே இருந்தாலும் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அப்லோடு செய்வது என்னவோ அரை நாள் வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்குத்தான் நேரம் பிடிக்கும். உங்கள் நேரத்தில் முக்கால் பங்கை மாதிரியின் அடையாளம், எடுத்த இடம், பகுப்பாய்வு முறை இந்த மூன்றுக்கும் கொடுங்கள் என்பது என் கருத்து. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இருபது ஆண்டு கழித்து, உங்களை அறியாத ஒருவர், உங்களிடம் எதுவும் கேட்காமல், இந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் எண்ணைத் தன் வரைபடத்தில் துணிந்து சேர்க்க முடியுமா? முடியாது என்றால் எது குறைகிறது என்று பாருங்கள்.

முதலில் தளத்தை முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறது. தரவையெல்லாம் ஒரு விதமாக அடுக்கி முடித்த பிறகு தளத்தைத் தேடினால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும், அதனால் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

பாறை வேதியியல், ஐசோடோப்பு, கனிம வேதியியல் தரவு என்றால் எர்த்கெம் லைப்ரரி நல்ல இடம். அங்கே தரவு மேலாளர்கள் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள், டிஓஐயும் கிடைக்கும். எரிமலைப் பாறைகளுக்கு ஜியோராக் இருக்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தொடங்கியது, இப்போது கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. தொல்காந்தவியல் தரவுக்கு (பாறையில் பதிந்த பழைய காந்தப்புலம் பற்றிய தரவுக்கு) மேஜிக். கடலடிப் படிவு, பனிக்கட்டி கோர் (துளையிட்டு எடுத்த உருளைத் துண்டு), காலநிலை சார்ந்த அளவீடுகள் என்றால் பங்காயா. இவை எதிலும் பொருந்தாத விசித்திரமான தரவு இருந்தால் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைக் கடைசி வழியாக வையுங்கள். பொதுக் களஞ்சியத்தில் யாரும் உங்கள் கோப்பைத் திறந்து சரிபார்க்க மாட்டார்கள். அதைவிட முக்கியமாக, "இந்த அட்சரேகைக்குள் கிடைத்த பசால்ட்டுகளில் மெக்னீசியம் எட்டு சதவீதத்துக்கு மேல் உள்ளவை" என்று ஒருவர் தேடினால் உங்கள் மாதிரி வரவே வராது. துறை சார்ந்த தளத்தில் வரும்.

தளத்தை முடிவு செய்தவுடன் அதன் படிவத்தின் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய சக மாணவர் கொடுத்த கோப்பில் தொடங்க வேண்டாம், படிவங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

மாதிரிப் பட்டியல்: இங்கேதான் பாதி சிக்கல்

ஒரு பாறைத் துண்டு களத்திலிருந்து கட்டுரைக்கு வருவதற்குள் எத்தனை பெயர் எடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். களக் குறிப்பேட்டில் "கேடி 23/7". பையின் மேல் மார்க்கரில் "கேடி-7". பொடி செய்த ஆய்வகம் தன் வரிசை எண்ணைச் சேர்த்து "1184-கேடி7" என்று எழுதும். கருவியிலிருந்து வரும் கோப்பில் இன்னொன்று. கட்டுரையின் அட்டவணையில் அழகுக்காக "கேடி-07". ஐந்தும் ஒரே கல் என்பது உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் முதல் வேலை ஒரு பெயர் அட்டவணை. ஒரு கல்லுக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் நீங்கள் இனிமேல் பயன்படுத்தப்போகும் ஒரே பெயர், அடுத்தடுத்த நெடுவரிசைகளில் அந்தக் கல் வேறு எங்கெல்லாம் எந்தப் பெயரில் இருக்கிறதோ அவை. குறிப்பேடு, பைகள், ஆய்வக ரசீது, கருவியின் கோப்பு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும், நினைவை நம்பி எழுதினால் சரிவராது. எந்தப் பெயராவது எந்தக் கல்லோடும் சேராமல் தனியாக நின்றால், அதைத் தீர்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். தீர்க்கவே முடியவில்லை என்றால் அந்த மாதிரியின் தரவை ஏற்றாமல் விடுவதே மேல்.

பெயர் வைப்பதில் சில ஒழுங்குகள். இடைவெளி, சாய்கோடு, மேற்கோள் குறி வேண்டாம், இவை கோப்புப் பெயர்களிலும் நிரல்களிலும் தகராறு செய்யும். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் ஒன்றும் கையெழுத்தில் ஒன்றுபோலவே தெரியும், கூடுமானவரை அந்த எழுத்துகளைத் தவிருங்கள். எண்களுக்கு முன்னால் பூஜ்யம் போட்டு ஒரே நீளமாக வையுங்கள், அப்போதுதான் 7 என்பது 10க்குப் பின்னால் போய் நிற்காது. வெறும் "மாதிரி 1", "பசால்ட் 3" என்ற பெயர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றோடு ஆண்டையோ திட்டக் குறியீட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தாய்–சேய் உறவு. களத்தில் எடுத்த கல் தாய். அதிலிருந்து நுண்ணோக்கிக்காக மெல்லியதாக வெட்டிய தின் செக்‌ஷன், அரைத்த பொடி, பிரித்தெடுத்த ஜிர்கான் கனிம மணிகள், அந்த ஜிர்கான்களைப் பதித்த மவுண்ட், எல்லாமே சேய்கள். டிரில் கோர் என்றால் துளை ஒரு தாய், கோர் அதன் சேய், கோரில் வெட்டிய பத்து சென்டிமீட்டர் துண்டு அடுத்த தலைமுறை. எல்லாவற்றுக்கும் தனித்தனி அடையாளம் வேண்டுமா? என்னைக் கேட்டால், ஒரு துண்டில் தனியாக அளவீடு நடந்திருந்தாலோ, அது தனியாக வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ அதற்குத் தனி அடையாளம் கொடுங்கள். ஒரே பொடியை இரண்டு டப்பாவில் போட்டு வைத்திருப்பதற்கெல்லாம் தேவையில்லை.

இடம்

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தசம டிகிரியில் கொடுங்கள், தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு. பெரும்பாலான தளங்கள் இப்படித்தான் கேட்கும்.

டிகிரி, நிமிடம், விநாடியிலிருந்து தசமத்துக்கு மாற்றும்போது அடிக்கடி நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குறிப்பேட்டில் 12 டிகிரி 34 நிமிடம் 56 விநாடி என்று இருக்கிறது. சரியான கணக்கு: 34ஐ 60ஆல் வகுத்தால் 0.56667, 56ஐ 3600ஆல் வகுத்தால் 0.01556, மொத்தம் 12.58222. ஆனால் அவசரத்தில் பலர் நடுவில் ஒரு புள்ளியை மட்டும் வைத்து 12.3456 என்று எழுதிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு முழுக்கச் சரியான எண் போலவே இருக்கும், எந்த மென்பொருளும் தடுக்காது. ஆனால் வித்தியாசம் கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர். கல் வேறொரு பாறைத் தொடருக்கே போய்விடும். ஒரு சின்ன துப்பு உண்டு: உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாத் தசமங்களிலும் முதல் இரண்டு இலக்கம் 60ஐத் தாண்டவே இல்லை என்றால், யாரோ மாற்றாமலே எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

எத்தனை இலக்கம் எழுத வேண்டும் என்பதும் முக்கியம். அட்சரேகையில் நான்காவது தசம இலக்கம் சுமார் 11 மீட்டர், ஐந்தாவது சுமார் ஒரு மீட்டர். கையில் வைத்திருக்கும் சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியம்தான் தரும், அதனால் ஐந்து இலக்கம் போதும். எக்செல் எட்டு இலக்கம் காட்டுகிறது என்பதற்காக எட்டையும் எழுதினால் மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்ததாக உரிமை கொண்டாடுகிறீர்கள் என்று அர்த்தம். மாறாக, பழைய வரைபடத்தில் விரலை வைத்துக் குத்துமதிப்பாக எடுத்த இடம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்றும் எழுதுங்கள். துல்லியம் குறைந்த இடத்தைக்கூடப் பயன்படுத்திக்கொள்ளலாம், துல்லியம் என்னவென்றே தெரியாத இடத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டேட்டம் (அட்சரேகை, தீர்க்கரேகையை அளக்க வைத்துக்கொண்ட அடிப்படைச் சட்டகம்) எது என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இன்றைய ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ் 84இல் காட்டும். ஆனால் பழைய நிலவரைபடங்கள் வேறு டேட்டங்களில் வரைந்தவை, அதே எண்ணை அப்படியே எடுத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகலாம். யூடிஎம் எண்கள் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்பவை) என்றால் மண்டல எண்ணும் எந்த அரைக்கோளம் என்பதும் இல்லாமல் அவற்றுக்குப் பொருளே இல்லை. உயரத்திலும் இதே கதை: கடல் மட்டத்திலிருந்தா, ஜிபிஎஸ் கணக்கில் பூமிக்குப் பதிலாக வைக்கும் நீள்வட்டக் கோளப் பரப்பிலிருந்தா என்று சொல்லுங்கள், இரண்டுக்கும் சில இடங்களில் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். கோர் மாதிரிகளுக்கு மேல் ஆழம், கீழ் ஆழம் இரண்டும் வேண்டும், "சுமார் 45 மீட்டர்" என்று ஒற்றை எண் கொடுத்தால் போதாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அரிய புதைபடிவம் கிடைக்கும் இடம், மக்கள் புனிதமாகக் கருதும் இடம், நில உரிமையாளர் வெளியிட வேண்டாம் என்று சொன்ன இடம் என்றால் துல்லியத்தைக் குறைத்துக் கொடுப்பதே நியாயம். குறைத்திருக்கிறோம் என்பதை மட்டும் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

விவரணை

பாறைப் பெயர், சேகரித்த தேதி, சேகரித்தவர், சேகரித்த முறை, பாறை அலகின் பெயர், வயது. இதில் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் தளம் கொடுக்கும் சொற்பட்டியலிலிருந்தே பாறைப் பெயரை எடுங்கள். "கருமையான நுண்மணிப் பாறை, ஒருவேளை பசால்ட்" என்பது விளக்கக் குறிப்புக்குப் போகட்டும். தேதியை 2023-07-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 04/07 என்று எழுதினால் அது ஜூலையா ஏப்ரலா என்பது படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கல் இப்போது எங்கே இருக்கிறது? எந்த நிறுவனம், எந்த அறை, எந்தப் பெட்டி. எண்ணில் சந்தேகம் வந்தால் மறுபடி அளந்து பார்க்கக் கல் வேண்டும். மாதிரி முழுவதும் அரைத்துத் தீர்ந்துவிட்டது என்றால் அதையும் எழுதுங்கள்.

எண்கள்

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மூன்று செய்தி கட்டாயம்: எதை அளந்தோம், எந்த அலகில், எந்த முறையில். எடைச் சதவீதமா, பிபிஎம்மா (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பிபிபியா (நூறு கோடியில் ஒரு பங்கு) என்பது நெடுவரிசைத் தலைப்பிலோ தலைப்புக்குக் கீழே தனி வரியிலோ இருக்க வேண்டும். ஒரே நெடுவரிசையில் பாதி மாதிரிகள் எக்ஸ்ஆர்எஃப், மீதி ஐசிபி-எம்எஸ் என்று இரண்டு பகுப்பாய்வு முறைகள் கலந்திருந்தால் அவற்றை இரண்டாகப் பிரியுங்கள்.

இரும்பு தனிக் கவனம் கேட்கும். மொத்த இரும்பையும் ஃபெரிக் ஆக்சைடாகச் சொல்லும் ஆய்வகங்கள் உண்டு, ஃபெரஸ் ஆக்சைடாகச் சொல்லும் ஆய்வகங்களும் உண்டு, இரண்டையும் தனித்தனியாக அளந்து தருபவர்களும் உண்டு. ஃபெரிக்கிலிருந்து ஃபெரஸுக்கு மாற்ற 0.8998ஆல் பெருக்க வேண்டும், அதாவது 12.00 என்று இருப்பது 10.80 ஆகிவிடும். எது என்று சொல்லாமல் வெறுமனே "இரும்பு ஆக்சைடு" என்று தலைப்பிட்டால் படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். ஊகம் தப்பானால் மெக்னீசியம் எண்ணிலிருந்து பாறை வகைப்பாடு வரை எல்லாமே நகரும்.

எரிப்பிழப்பை (மாதிரியைச் சூடாக்கும்போது குறையும் எடையை) சேர்த்துக் கொடுங்கள். முக்கிய ஆக்சைடுகளை 100க்கு மறுகணக்கிட்டிருந்தால், மறுகணக்கிடாத மூல எண்களையே ஏற்றுங்கள். மூல எண்ணிலிருந்து யார் வேண்டுமானாலும் 100க்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றிய எண்ணிலிருந்து மூலத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை.

அடுத்து, வெற்றுக் கட்டமும் பூஜ்யமும். மூன்று நிலைகள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு: அந்தத் தனிமத்தை அளக்கவே இல்லை; அளந்தோம், ஆனால் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தது; அளந்தோம், எண் கிடைத்தது. முதலாவதற்கு வெற்றுக் கட்டம். இரண்டாவதற்குப் படிவம் சொல்லும் குறியீடும் கண்டறியும் எல்லையின் அளவும். இரண்டு இடத்திலும் பூஜ்யம் போடவே கூடாது. பூஜ்யம் என்று எழுதினால் கணினி அதை ஓர் அளவீடாகவே எடுத்துக்கொள்ளும், சராசரியைக் கீழே இழுக்கும், மடக்கை எடுக்கும் இடத்தில் நிரல் நின்றுபோகும். எல்லையில் பாதியைப் போட்டு நிரப்பும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. உங்கள் சொந்தக் கணக்கில் அதைச் செய்துகொள்ளுங்கள், ஏற்றும் கோப்பில் வேண்டாம்.

பிழைவரம்பு இருந்தால் ஒரு சிக்மாவா இரண்டு சிக்மாவா, சதவீதமா நேரடி அளவா என்று எழுதுங்கள். வயதுத் தரவில் அதையும் தாண்டிச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. ஆர்கான்–ஆர்கான் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஷ் கேன்யன் சானிடின் என்ற ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அளக்கும், மதிப்பு தெரிந்த பொருளுக்கு) எந்த வயதை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறும். 1998இல் வெளியான மதிப்பு 2.802 கோடி ஆண்டு, 2008இல் வெளியானது 2.8201 கோடி. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லைதான், ஆனால் பத்துக் கோடி ஆண்டு வயதுள்ள பாறையில் அது சுமார் ஆறரை லட்சம் ஆண்டு. எந்த மதிப்பு என்று எழுதியிருந்தால் பின்னால் வருபவர் ஒரு நிமிடத்தில் புதிய அளவுகோலுக்கு மாற்றிக்கொள்வார், எழுதாவிட்டால் அந்த வயதை ஒப்பிடவே முடியாது. எந்தக் கதிரியக்கச் சிதைவு மாறிலிகள் என்பதும் அதேபோல.

ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் கொடுக்கிறீர்களா, அப்படியானால் எஸ்ஆர்எம் 987 ஸ்டாண்டர்டுக்கு உங்கள் ஆய்வகத்தில் வந்த எண்ணையும் கொடுங்கள். பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு 0.71025ஐ ஒட்டியது, உங்களுக்கு 0.71027 வந்திருந்தால் மாதிரிகளை அதற்கேற்பத் திருத்தினீர்களா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். தனிமச் செறிவுகளுக்கும் இதுவே வழி: பிஹெச்விஓ-2, பிசிஆர்-2 போன்ற ஸ்டாண்டர்டுகளை மாதிரிகளோடு சேர்த்து ஓட்டியிருப்பீர்கள், அந்த எண்களையும் தனி அட்டவணையாக ஏற்றுங்கள். பிளாங்க் (மாதிரி இல்லாமல் ஓட்டியது), டூப்ளிகேட் (ஒரே மாதிரியை இரண்டு தடவை ஓட்டியது) எண்களும் அப்படியே. இவற்றைக் கட்டுரையின் பின்னிணைப்பில்கூடப் போடாமல் விடுபவர்கள் அதிகம், ஆனால் வேறொருவர் உங்கள் தரவைத் தன்னுடையதோடு சேர்க்கலாமா என்று முடிவெடுப்பது இந்தச் சின்ன அட்டவணையைப் பார்த்துத்தான்.

எக்செல் விஷயத்தில் கவனம்

படிவம் எக்செல்லில்தான் வரும், தப்பிக்க முடியாது. ஆனால் எக்செல் தானாக மாற்றும் பழக்கம் உள்ளது. எம்ஏஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு 12 சேர்ந்த மாதிரிப் பெயர் மார்ச் 12 ஆகிவிடும். 1E05 என்று நடுவில் ஆங்கில இ எழுத்து உள்ள பெயர் ஒரு லட்சமாக மாறும். 007 வெறும் 7 ஆகும். மனித மரபணுக்களின் பெயர்களே இதனால் தேதிகளாக மாறிக்கொண்டிருந்து, கடைசியில் 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் தரவை ஒட்டுவதற்கு முன்பே பெயர் நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் பயன் இல்லை, போனது போனதுதான்.

இதைவிட மறைவான ஆபத்து ஒன்று உண்டு. எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய டெக்ஸ்ட் கோப்பாக) சேமிக்கும்போது திரையில் தெரியும் எண்தான் சேமிக்கப்படும். நியோடிமியம் ஐசோடோப்பு விகிதம் 0.512638 என்று உள்ளே இருக்கும், நெடுவரிசை இரண்டு தசமம் காட்டும்படி அமைந்திருக்கும், சேமித்த சிஎஸ்வியில் வெறும் 0.51. உலகத்தில் உள்ள கிட்டத்தட்ட எல்லாப் பாறைகளுக்கும் அந்த விகிதம் 0.51தான், அதாவது மொத்த உழைப்பும் அழிந்துவிட்டது. சேமித்த சிஎஸ்வியை நோட்பேட் போன்ற எளிய எடிட்டரில் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கட்டும்.

கட்டங்களை இணைப்பது, மஞ்சள் நிறம் போட்டு "இது சந்தேகம்" என்று காட்டுவது, கட்டத்துக்குள் குறிப்பு ஒட்டுவது, எண்ணுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரக் குறி போடுவது, ஒன்றும் வேண்டாம். நிறத்தை எந்த நிரலும் படிக்காது. சந்தேகம் இருந்தால் "தரக்குறிப்பு" என்று ஒரு நெடுவரிசை திறந்து வார்த்தையால் எழுதுங்கள். சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றிவிட்டு, மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

சரிபார்ப்பு

ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள், தரவைத் தயாரித்த அதே நாளில் வேண்டாம்.

மாதிரிகளை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கடலில் விழுந்த கல், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிய கல், கழித்தல் குறி விட்டுப்போன கல் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பாருங்கள். பிபிஎம் நெடுவரிசையில் ஒரே ஒரு மாதிரி மட்டும் மற்றவற்றைவிட ஆயிரம் மடங்கு குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால் அலகு கலந்திருக்கிறது. முக்கிய ஆக்சைடுகளையும் எரிப்பிழப்பையும் கூட்டினால் பொதுவாக 98க்கும் 101க்கும் நடுவில் வர வேண்டும். 88 வந்தால் ஏதோ ஓர் ஆக்சைடு விட்டுப்போயிருக்கும், 110 வந்தால் இரும்பை இரண்டு தடவை சேர்த்திருப்பீர்கள்.

அரிய மண் தனிமங்கள் இருந்தால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. காண்ட்ரைட் என்ற விண்கல் வகையின் மதிப்புகளால் வகுத்துக் கோடு வரையுங்கள். இயற்கையில் அந்தக் கோடு வழுவழுப்பாக ஓடும். யூரோப்பியத்தில் பள்ளமோ மேடோ வரலாம், சில பாறைகளில் சீரியத்திலும் வரலாம், அவற்றுக்கு வேதியியல் காரணம் உண்டு. ஆனால் டெர்பியத்திலோ ஹோல்மியத்திலோ ஒரே மாதிரியில் மட்டும் கூர்மையாக ஒரு பல் துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் தசமப் புள்ளி தவறியிருக்கிறது அல்லது நெடுவரிசை ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. மூலக் கோப்புக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, இந்தத் திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, ஒரு மாதிரியைக் காட்டி, "இது என்ன, எங்கே எடுத்தது, இந்த எண் எப்படி வந்தது" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் ஒவ்வொரு இடமும் நீங்கள் எழுதாமல் விட்ட இடம்.

ஐஜிஎஸ்என் பதிவு

ஐஜிஎஸ்என் என்பது ஒரு பௌதிக மாதிரிக்கு உலக அளவில் கிடைக்கும் தனி அடையாளம். கட்டுரைக்கு டிஓஐ எப்படியோ கல்லுக்கு இது. 2021இல் இதை நடத்தும் அமைப்பு, டிஓஐ வழங்கும் டேட்டாசைட்டோடு கைகோத்தது, அதன் பிறகு ஐஜிஎஸ்என்னும் டிஓஐ கட்டமைப்புக்குள்ளேயே வந்துவிட்டது. பதிவு செய்ய சீசார் என்ற தளம் இருக்கிறது, சில நாடுகளின் நிலவியல் நிறுவனங்களும் தங்கள் மாதிரிகளுக்குப் பதிவு வசதி தருகின்றன.

நீங்கள் பெயர் அட்டவணையும் இட விவரமும் சரியாகத் தயாரித்திருந்தால் இது சுலபம், கூட்டாக ஒரே கோப்பில் ஏற்றிவிடலாம். தாய் மாதிரிகளை முதலில் பதிவு செய்து, அவற்றின் ஐஜிஎஸ்என்களை வாங்கி, சேய்களின் வரியில் தாயின் எண் கேட்கும் இடத்தில் போட்டு, பிறகு சேய்களைப் பதிவு செய்யுங்கள். வந்த எண்களைப் பெயர் அட்டவணையில் இன்னொரு நெடுவரிசையாகச் சேர்த்து, அச்சிட்டுப் பைகளிலும் ஒட்டுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம், ஒட்டாத எண் கணினியில் மட்டுமே இருக்கும்.

உண்மையில் களத்துக்குப் போவதற்கு முன்பே இதைத் தொடங்குவதுதான் நல்லது. வேறொரு ஆய்வகத்துக்குப் பொடியை அனுப்பும்போதே ஐஜிஎஸ்என்னோடு அனுப்பினால் மேலே சொன்ன பெயர்க் குழப்பத்தில் பாதி வராது.

அப்லோடு

தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், இலவசம்தான். படிவத்தில் தலைப்பு கேட்கும் இடத்தில் கட்டுரையின் தலைப்பைப் போடாமல் தரவைப் பற்றிச் சொல்லுங்கள்: எந்த வகைப் பாறை, எந்தப் பகுதி, என்னென்ன அளவீடுகள். தேடுபவர் அந்தச் சொற்களைத்தான் தட்டுவார்.

ஆசிரியர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. களத்தில் மாதிரி எடுத்தவரும் ஆய்வகத்தில் அளந்தவரும் கட்டுரையில் நன்றியுரையோடு நின்றுவிடுவது வழக்கம். தரவுத் தொகுப்புக்குத் தனி டிஓஐ, தனி ஆசிரியர் பட்டியல். அதில் அவர்கள் இருக்க வேண்டும், சேர்த்துவிடுங்கள், சேர்ப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டும்விடுங்கள்.

உரிமம் கேட்கும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 போதுமானது, மேற்கோள் காட்டிவிட்டு யாரும் பயன்படுத்தலாம். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை சேர்ந்த உரிமங்களைத் தவிருங்கள், அவை பல தொகுப்புத் தளங்களுக்குள் உங்கள் தரவு போவதையே தடுத்துவிடும். நிதி வழங்கிய அமைப்பின் பெயரும் நிதி எண்ணும் சேர்க்கவும். கட்டுரை வெளியாகும் வரை தரவை மூடிவைக்க வேண்டுமென்றால் பெரும்பாலான தளங்களில் வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைக்க முடியும்.

கூடவே ஒரு ரீட்மீ கோப்பு, எளிய டெக்ஸ்ட்டில். எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், சுருக்கங்கள் என்ன, ஆய்வகம், கருவி, முறை, அளந்த தேதி. இரண்டு பக்கம் வந்தாலும் பரவாயில்லை.

சமர்ப்பித்த பிறகு தரவு மேலாளரிடமிருந்து கேள்விகள் வரும், தளத்தைப் பொறுத்து சில நாளோ சில வாரமோ ஆகலாம், அதனால் கட்டுரையின் கெடுவுக்கு முந்தைய நாள் சமர்ப்பிக்காதீர்கள். அவர்களுடைய கேள்விகளை எரிச்சலில்லாமல் படியுங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பார்த்தவர்கள், "இந்த நெடுவரிசையில் அலகு இல்லை" என்று அவர்கள் கேட்கிறார்கள் என்றால் பின்னால் நூறு பேர் கேட்கப்போவதை ஒருவரே கேட்டுவிட்டார் என்று அர்த்தம்.

டிஓஐ வந்த பிறகு

கட்டுரையின் தரவுக் குறிப்பில் டிஓஐயை முழு இணைப்பாகப் போடுங்கள், மேற்கோள் பட்டியலிலும் தனி உருப்படியாகச் சேருங்கள். இரண்டாவதைச் செய்தால்தான் தரவுக்கான மேற்கோள்கள் கணக்கில் ஏறும். கட்டுரையின் அட்டவணைகளில் ஒவ்வொரு மாதிரிப் பெயருக்கும் பக்கத்தில் அதன் ஐஜிஎஸ்என் வரட்டும். கட்டுரை வெளியானதும் தளத்துக்குத் திரும்பிப் போய், தரவுப் பக்கத்தில் கட்டுரையின் டிஓஐயைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு ஒரு பக்கமாகவே நின்றுவிடும்.

பின்னால் தவறு ஏதாவது கண்ணில் பட்டால் புதிய பதிப்பாக ஏற்றி, எந்த மாதிரியில் எந்த எண் ஏன் மாறியது என்று ரீட்மீயில் தேதியோடு எழுதுங்கள். பழைய பதிப்பை வைத்து ஏற்கெனவே யாராவது கணக்குப் போட்டிருக்கலாம், அதனால் அதை அழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கல் ஓர் அருங்காட்சியகத்துக்கோ வேறு ஆய்வகத்துக்கோ இடம் மாறினால் ஐஜிஎஸ்என் பக்கத்தில் அதன் இருப்பிடத்தையும் மாற்றிவிடுங்கள், சில நிமிட வேலைதான்.